குடித்தனக்காரியும் வீட்டுக்காரியும்

ஊட்டிக்குப் போயிருக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் துடியலூரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, இறங்கியிருக்க மாட்டீர்கள். கோயம்புத்தூரில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையம் சாலையில் கவுண்டம்பாளையத்தைத் தாண்டியதும், "அப்பாடா, காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக வருகிறதே!" என்று நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்புகிறீர்களே, அப்போது கடந்து போகிற ஊர் அது. சுந்தரருக்கு ஈசனே விருந்து படைத்த தலம் என்பது ஐதீகம். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் அனுப்புவதில்லை.

அந்த ஊருக்கு இந்தத் தடவை நான் வெறும் ஒறம்பரையாகப் போகவில்லை. காரியாலய வேலையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். "நடிகையாக இருந்து, சொந்தமாகப் படம் எடுக்க வந்த பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எழுது" என்று சொன்னார் ஆசிரியர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்! நாலு காசு நன்றாக வருகிற வேலை. தெருவில் போனால் அடையாளம் கண்டு சிரிக்கிற ஜனங்கள். இதையெல்லாம் ஒருத்தி எதற்காகப் பணயம் வைக்க வேண்டும்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. விடையை அமுச்சிதான் சொல்லப் போகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் 'அமுச்சி' என்போம். எங்கள் அமுச்சிக்கு 84 வயது. பழைய ஓட்டு வீடு. முன்னால் ஆசாரம், பின்னால் பொடக்காளி, அதில் ஒரு முருங்கை மரம். எருமைப் பால் விற்றுச் சேர்த்த காசில் அமுச்சி வாங்கின இடம் அது. பத்திரமும் அவள் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் சோளக்காடு. இப்போதோ, சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகள்! வீட்டையும் இடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் இங்கேயும் மாடி எழுப்பிவிடலாம் என்பது மாமாக்களுடைய ஆசை. பத்திரம் எழுதித் தயாராக இருந்தது. அமுச்சியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மாமாக்கள் கெட்டவர்கள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு இல்லாததாங்கம்மா? கீழ் வீட்டையே உங்களுக்கு விட்டுடறோமுங்க" என்றுதான் சொன்னார்கள். வாயால் சொன்னார்கள், பத்திரத்தில் அது இல்லை. அமுச்சி அதைக் கவனித்தாளோ என்னவோ, "பொழுதோட பாத்துக்கலாம்" என்று சொல்லியே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். கட்டுரைக்காகச் சில படங்களை மறுபடியும் பார்க்க வேண்டியிருந்தது. மாமா பையன் டெலிவிஷன் பெட்டியில் தேடிப் போட்டுக் கொடுத்தான். அமுச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன படம் அம்மணி?"

"படத்து பேரே அதுதானுங்க அமுச்சி. 'அம்மணி'!"

அமுச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் குழந்தையைக் கூப்பிடுகிற செல்லப் பெயர் அல்லவா அது! தாலாட்டும்போதும் அம்மணிதான், கல்யாணமாகிப் போகிறவளை வழியனுப்பும்போதும் அம்மணிதான். அந்தப் பெயரில் சினிமாவா என்று அதிசயப்பட்டாள். திரையில் ஒரு முகம் வந்ததும் அதிசயம் இன்னும் அதிகமாயிற்று.

"அட, இது பஞ்சாயத்துப் பண்ணுமே, அந்தப் புள்ளையல்ல?"

அந்தப் பிள்ளைதான்! லட்சுமி ராமகிருஷ்ணன்.

உங்களில் அநேகம் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' என்ற நிகழ்ச்சியைப் பல வருஷங்கள் நடத்தியவர். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம் என்று உட்கார்ந்து அழுவார்கள், சண்டை போடுவார்கள். நடுவில் உட்கார்ந்து இவர் கேள்வி கேட்பார், கண்டிப்பார், சில சமயம் தாமும் கண் கலங்குவார். அவர் சொன்ன ஒரு வாக்கியம் ஊரெல்லாம் கேலிப் பேச்சாகச் சுற்றியது. குடும்ப ரகசியத்தை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. 2018-ல் விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. ஆனால், நிகழ்ச்சி வருகிற நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்த வீடுகள் எத்தனை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்!

லட்சுமி சின்ன வயசிலேயே சினிமாவுக்கு வந்தவர் அல்ல. குடும்பம், குழந்தைகள் என்று இருந்துவிட்டு, 2006-ல் லோகிததாஸ் டைரக்ட் செய்த 'சக்கரமுத்து' என்ற மலையாளப் படத்தில்தான் முதலில் தலை காட்டினார். 2008-ல் தமிழில் 'பிரிவோம் சந்திப்போம்'. அப்புறம் வரிசையாக அம்மா வேஷம். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் திரிஷாவுக்கு அம்மா, 'நான் மகான் அல்ல'வில் கார்த்திக்கு அம்மா. இரண்டும் ஒரே வருஷம், 2010!

சினிமா அம்மாவின் உத்தியோகம் என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். காப்பியோடு வர வேண்டும். "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்று சொல்ல வேண்டும். மகன் சாப்பிடாமல் போக வேண்டும். வாசற்படியில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான், மகனோடு கதையும் தெருவுக்குப் போய்விடும்! அவள் உள்ளே போய் என்ன செய்தாள், ஆறிப்போன காப்பியை யார் குடித்தார்கள் என்று யாருக்கும் கவலை இல்லை.

அதற்காக நடிப்பில் இவர் குறை வைத்தவர் அல்ல. 2011-ல் வந்த 'யுத்தம் செய்' படத்துக்காகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். விக் வைத்து ஒப்பேற்றாமல் நிஜமாகவே மழித்துக்கொண்டார். ஒரு நடிகை கொடுக்கக்கூடியதில் அதைவிட என்ன பாக்கி? ஆனாலும் பாருங்கள், அது மிஷ்கின் எழுதிய கதை, மிஷ்கின் டைரக்ட் செய்த படம். தலைமுடி இவருடையது, கதை இன்னொருவருடையது.

அடுத்த வருஷமே, 2012-ல், லட்சுமி தாமே எழுதி டைரக்ட் செய்த முதல் படம் வந்தது. பெயர் 'ஆரோகணம்'. காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு தாய் திடீரென்று காணாமற் போகிறாள். பிள்ளைகள் தேடுகிறார்கள். தேடத் தேடத்தான் நமக்குத் தெரிகிறது, அவளுக்கு மனநோய் இருக்கிறது என்று. சில நாள் ஆகாயத்தில் பறப்பது போன்ற உற்சாகம், சில நாள் பாதாளத்தில் விழுந்தது போன்ற சோர்வு. டாக்டர்கள் இதை 'பைபோலார்' என்கிறார்கள். விஜி சந்திரசேகர் அந்தத் தாயாக நடித்தார். காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற அம்மாவைப் பின்தொடர்ந்து, இந்தத் தடவை காமிராவும் உள்ளே போனது.

விஷயம் எனக்கு மெல்லப் பிடிபட ஆரம்பித்தது. நடிகை என்பவள் பிறத்தியார் வீட்டில் குடித்தனம் இருக்கிறவள். வாடகை ஒழுங்காக வரலாம், வசதியாகவும் இருக்கலாம். ஆனால் ஆணி அடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். டைரக்டர்தான் வீட்டுக்காரர். எந்த ஜன்னலைத் திறப்பது, எந்தக் கதவைச் சாத்துவது என்பது அவர் இஷ்டம்.

"பலே! கட்டுரைக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது" என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த படமே அதைக் கெடுத்துவிட்டது.

2016-ல் வந்தது 'அம்மணி'. நிகழ்ச்சியில் தாம் சந்தித்த ஒரு மூதாட்டியை நினைவில் வைத்து லட்சுமி உண்டாக்கிய கதை. சாலம்மா என்பவள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். அந்த வேஷம் லட்சுமிக்கே. ரிடையர் ஆகப்போகிற சமயம், கைக்கு மொத்தமாகப் பணம் வரப் போகிறது. பணம் வருவதற்கு முன்னே பிள்ளைகளின் கண் வந்துவிடுகிறது! அவள் வீட்டின் ஒரு மூலையில் குடியிருக்கிறாள் அம்மணி. 80 வயதைத் தாண்டிய கிழவி. குப்பை பொறுக்கிப் பிழைக்கிறாள். சொந்தம் இல்லை, சொத்து இல்லை. ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. மலையாள நடிகை சுப்பலட்சுமி அந்தக் கிழவியாகவே வாழ்ந்திருந்தார். 2023-ல் அவர் காலமானார்.

இப்போது கவனியுங்கள். இந்தக் கதையில் வீட்டுக்காரி யார்? சாலம்மா. குடித்தனக்காரி யார்? அம்மணி. ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது யார்? குடித்தனக்காரி! வீட்டுக்காரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் ஆசையாகக் கட்டிய உவமை பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அமுச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது. மடியில் சுண்ணாம்பு டப்பி திறந்தபடி கிடந்தது. எத்தனையோ படங்களை அவளோடு பார்த்திருக்கிறேன். கதாநாயகியைப் பார்த்து "ராசாத்தியாட்டம் இருக்கறா" என்பாள். வில்லனைப் பார்த்து "நாசமாப் போறவன்" என்பாள். அன்று ஒன்றுமே சொல்லவில்லை. படம் முடிந்ததும் எழுந்து பொடக்காளிக்குப் போய், முருங்கை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

"ஏம்மணி, இந்தப் படத்தை அந்தப் புள்ளையே எடுத்துதா?"

"ஆமாங்க அமுச்சி. எழுதி, எடுத்து, நடிச்சும் இருக்காங்க."

"காசு போயிருக்குமே!" என்றாள் அமுச்சி. "சாவித்திரி அப்படித்தான போனா?"

பாருங்கள், படம் எடுத்த பெண் என்றதும் நம் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சாவித்திரி பட்ட நஷ்டம்தான். அது பொய்யும் அல்ல. 1968-ல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' என்ற படத்தைச் சாவித்திரி டைரக்ட் செய்தார். 1969-ல் அதையே தமிழில் 'குழந்தை உள்ளம்' என்று கொண்டுவந்தார். 1971-ல் சிவாஜியோடு தாமும் நடித்து, தாமே தயாரித்து டைரக்ட் செய்த 'பிராப்தம்' வந்தது. கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் கஷ்டத்திலிருந்து அவர் மீளவே இல்லை. 1981 டிசம்பரில் காலமானார். அந்தக் கதை தென்னாட்டில் ஒரு எச்சரிக்கைப் பலகை மாதிரி நிற்கிறது. "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?" என்று யாராவது சொல்ல நினைத்தால் அந்தப் பலகையைத்தான் காட்டுவார்கள். சொந்தப் படம் எடுத்து வீட்டை விற்ற ஆண்கள் எத்தனை பேர்! அவர்களுக்காக ஒரு பலகையும் நட்டதாகத் தெரியவில்லை.

அமுச்சிக்கு இன்னொரு கதை சொன்னேன்.

"நீங்க முதல்ல பார்த்த சினிமா எதுங்க அமுச்சி?"

"'மலைக்கள்ளன்'! மாட்டு வண்டி கட்டிட்டுக் கோயமுத்தூர் போய்ப் பாத்தோம். நம்ம கோயமுத்தூர்லயே எடுத்த படமாச்சே!"

உண்மைதான். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்து, 1954-ல் வெளியான படம். அப்போது கோயம்புத்தூர் சினிமாவுக்குப் பேர் போன ஊர். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லேயே இங்கே வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டிவிட்டார். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் இருந்தது.

"அதுல எம்.ஜி.ஆருக்கு ஜோடி யாருங்க?"

"பானுமதி. என்ன மிடுக்கு, என்ன மிடுக்கு!"

"அந்தப் பானுமதி, அதுக்கு முந்தின வருஷமே ஒரு படத்தை டைரக்ட் பண்ணியிருந்தாங்க. 'சண்டிராணி'. தமிழ், தெலுங்கு, ஹிந்தி, மூணு பாஷையிலயும்!"

அமுச்சி என்னை நம்பாமல் பார்த்தாள். 13 வயசுப் பெண்ணாக மாட்டு வண்டியில் போய், கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த அந்த மிடுக்குக்குக் காரணம் 70 வருஷம் கழித்து அல்லவா அவளுக்குத் தெரிகிறது!

அதற்கும் முன்னே ஒருவர் இருக்கிறார். திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி. அப்பேர்ப்பட்ட புகழில் இருந்தவர், 1936-ல் தாமே எழுதிய நாவலை வைத்து, தாமே தயாரித்து, டைரக்ட் செய்து, நடித்து வெளியிட்ட படம் 'மிஸ் கமலா'. தமிழ் சினிமா பேசத் தொடங்கி ஐந்தே வருஷத்தில், ஒரு பெண் அதில் தன் பேச்சைப் பேசிவிட்டாள்!

நம் காலத்துக்கு வந்தால் சுஹாசினி 1995-ல் 'இந்திரா' எடுத்தார். ரேவதி 2002-ல் 'மித்ர், மை ஃப்ரெண்ட்' என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தார். அமெரிக்காவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத் தலைவியின் தனிமைதான் கதை. காமிரா பவுசியா பாத்திமா, எடிட்டிங் பீனா பால், சங்கீதம் பவதாரிணி, கதாநாயகி ஷோபனா. முக்கிய இடத்தில் எல்லாம் பெண்கள்! ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஷோபனாவுக்கும் பீனா பாலுக்கும்கூடத் தேசிய விருது.

இது நம் தேசத்துச் சமாசாரம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஜெனிபர் கென்ட் என்று ஒருவர். 'மர்டர் கால்' என்ற போலீஸ் தொடரில் நடித்து வந்த டெலிவிஷன் நடிகை. நடிப்பில் அலுப்புத் தட்டிவிட்டது. டென்மார்க்கில் இருக்கும் பிரபல டைரக்டர் லார்ஸ் வான் டிரையருக்குத் தாமே கடிதம் எழுதி, அவருடைய படப்பிடிப்பில் கூட இருந்து தொழில் கற்க இடம் கேட்டுப் பெற்றார். பெயர் பெற்ற நடிகை இன்னொரு தடவை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பது என்றால் சும்மாவா? 2005-ல் ஒரு குறும்படம். அப்புறம் 2014-ல்தான் 'தி பாபடூக்' என்ற முழு நீளப் படம். செட் போடுவதற்குப் பணம் போதாமல், இன்டர்நெட் மூலம் பொதுஜனங்களிடம் சுமார் 30,000 டாலர் வசூல் செய்தார்! கதை என்ன தெரியுமா? புருஷனை இழந்த ஒரு தாயும், அவளைத் தூங்கவிடாத சின்னப் பையனும். ஊருக்கு அது பேய்ப் படம். குழந்தையோடு தனியாக ராத்திரியைக் கழித்த பெண்களுக்கு மட்டும், அதில் பேய் எது என்று நன்றாகப் புரியும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவரும் ஒரே காரியத்தை ஏன் செய்ய வேண்டும்? இருவருக்கும் ஒன்று புரிந்திருக்கிறது. காமிராவுக்கு முன்னால் நிற்கிறவளுக்குப் புகழ் கிடைக்கும். எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவருக்கே கிடைக்கும்.

அந்த அதிகாரம் சும்மா வந்துவிடாது. இந்த மாதிரிப் படங்களைச் சுயேச்சைப் படங்கள் என்கிறார்கள். தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் நிற்பாரே, அந்தக் கதைதான்! கட்சி கிடையாது, கொடி கிடையாது. பெரிய நட்சத்திரம் நடித்தால், படம் முடியும் முன்னரே விநியோகஸ்தர் முன்பணத்தோடு வாசலில் நிற்பார். நட்சத்திரம் இல்லாத படத்துக்கு, எடுத்து முடித்த பிறகும் தியேட்டர் கிடைக்க அலைய வேண்டும். கிடைத்தாலும் காலை ஆட்டமோ பகல் ஆட்டமோதான். வெள்ளிக்கிழமை படம் வருகிறது, பக்கத்து வீட்டு மாமி "நன்றாக இருக்கிறதாமே, அடுத்த வாரம் போகலாமா?" என்று கேட்பதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. படம் போய்விடுகிறது! பெண்கள் பார்க்க வேண்டிய படத்தைப் பெண்கள் பார்ப்பதற்குள் எடுத்துவிடுகிறார்கள். நாம் சமையலை முடித்து, குழந்தையை அனுப்பி, துணைக்கு ஆள் பிடித்துக் கிளம்ப ஒரு வாரம் ஆகிறது என்பது தியேட்டர்காரருக்குத் தெரியுமா, என்ன?

இத்தனையும் தெரிந்துதான் லட்சுமி அடுத்தடுத்துப் படம் எடுத்தார். 2014-ல் 'நெருங்கி வா முத்தமிடாதே', 2016-ல் 'அம்மணி', 2019-ல் 'ஹவுஸ் ஓனர்'. கடைசியாகச் சொன்ன படத்தை மறுநாள் அமுச்சியோடு பார்த்தேன். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெள்ளத்தில் தங்கள் வீட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்ட ஒரு வயோதிகத் தம்பதியின் கதை. கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் அவருக்கு. பக்கத்தில் நிற்கும் மனைவியையே சில சமயம் யாரென்று தெரியாது. ஆனால் "இது என் வீடு" என்பது மட்டும் மறக்கவில்லை! கிஷோரும் ஸ்ரீரஞ்சனியும் நடித்திருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த மனைவி கெஞ்சுகிறாள், அதட்டுகிறாள், சமைக்கிறாள், இழுக்கிறாள். வீட்டுக்காரர் அவர். வீட்டைச் சுமப்பவள் அவள்!

2023-ல் வந்த 'ஆர் யூ ஓகே பேபி' படத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு குழந்தைக்காகப் பெற்றவளும் வளர்த்தவளும் போராடுகிறார்கள். அந்த வழக்கு ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு வருகிறது. தமக்குப் பேரும் புகழும், கூடவே ஏச்சும் பேச்சும் வாங்கிக் கொடுத்த அதே உலகத்தை, இந்தத் தடவை தம் சொந்தக் காமிராவில் பார்த்தார். சேனலில் இருந்தபோது பிறர் வகுத்த சட்டத்துக்குள் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் அவர். சொந்தப் படத்தில், அந்தச் சட்டத்தையே கேள்வி கேட்க முடிந்தது.

'ஹவுஸ் ஓனர்' முடிந்த பிறகு அமுச்சி வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"வூடு பேர்ல இருந்தா மட்டும் பத்தாது அம்மணி. சொல்லு நம்ம கையில இருக்கோணும்."

அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் கட்டிய உவமை எங்கே ஓட்டையாக இருந்ததோ, அங்கே அமுச்சி ஒரு வாக்கியத்தால் அடைத்துவிட்டாள். சாலம்மா வீட்டுக்காரிதான், ஆனால் சொல் அவள் கையில் இல்லை. குப்பை பொறுக்கும் அம்மணிக்கு வீடே இல்லை, சொல் மட்டும் அவளுடையது. நடிகை படம் எடுக்க வருவதும் இதற்குத்தான். பணமா? அது வந்த வழியே போனாலும் போகலாம். புகழா? அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது சொல் ஒன்றுதான். கடன் வாங்கியாவது அதை வாங்கிவிடப் பார்க்கிறாள்.

அன்று பொழுதோடு பெரிய மாமா வந்தார். வழக்கம்போலப் பத்திரத்தை எடுத்து வைத்தார். "ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா, நாளைக்கு நல்ல நாளுங்க."

அமுச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "அம்மணி, இதை ஒருக்கா வாசி" என்று என்னிடம் நீட்டினாள். வாசித்தேன். முழுவதையும் கேட்டாள்.

"நான் இருக்கற வரைக்கும் இங்க இருப்பேன்னு இதுல எங்கியும் எழுதலையே?"

"அதை எதுக்குங்கம்மா எழுதோணும்? உங்களை வெளிய அனுப்பிருவமா?" என்றார் மாமா. அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"அனுப்ப மாட்டே. எனக்குத் தெரியும். என்ற புள்ளைக மேல எனக்கு வெசனமில்ல. நீ வாயில சொல்றதைக் காயிதத்துல எழுதிக் கொண்டா. போட்டுத் தாறேன்."

மாமா என்னைப் பார்த்தார். "நீதான் என்னமோ படத்தைப் போட்டுக் காட்டிக் கெடுத்துப்போட்டே!" என்று அந்தப் பார்வை சொல்லிற்று. நான் சட்டென்று பொடக்காளிப் பக்கம் நழுவிவிட்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு அமுச்சியோ அம்மாவோ இப்படிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன். தம் ஆயுள் உள்ளவரை வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்க வழி உண்டு. "என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்கத் தவறினால் ரத்து செய்யக் கேட்பதற்கு மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் வருஷச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிபந்தனை மனத்தில் இருந்தால் போதாது, பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒரு வக்கீலைக் கேட்டு எழுதுவது நல்லது. பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கும்போதே எழுதுவது அதைவிட நல்லது!

நாலு நாள் கழித்துப் புதிய பத்திரம் வந்தது. அமுச்சி கேட்டது அதில் இருந்தது. மறுபடியும் ஒரு தடவை என்னை வாசிக்கச் சொன்னாள். அப்புறம்தான் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை நிதானமாக எழுதினாள். மாமா மரியாதையாகப் பக்கத்தில் நின்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் பாயசம் கிடைத்தது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது அமுச்சி முருங்கைக்கீரையைக் கட்டிப் பையில் வைத்தாள். பஸ் ஏற்றிவிட வாசல் வரை வந்தவள், திடீரென்று ஞாபகம் வந்தவள் போலக் கேட்டாள்:

"ஏம்மணி, அந்தப் புள்ளைக்கு அந்தப் படத்துல காசு மிஞ்சுச்சா?"

"அந்தப் படத்துக்கு அப்பறமும் ரெண்டு படம் எடுத்துட்டாங்க அமுச்சி."

அமுச்சி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அப்பச் சரி. சொல்லு அவ கையிலதான் இருக்குது" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ஆசிரியருக்கு வேண்டிய கட்டுரை பையில் இருந்தது, கீரைக்கட்டுக்கு அடியில்.